ஒரு மூலம், பல உரைகள்

திருக்குறளுக்குப் பழைய உரைகள் பத்து என்பர். ஒரே குறளுக்கு மணக்குடவர் ஒரு பொருள் காண்பார். பரிமேலழகர் பிறிதொரு பொருள் காண்பார். அதிகாரத்துள் குறட்பாக்களை நிறுத்தும் வரிசையிலும் இருவரும் வேறுபடுவர். இவற்றுள் ஒன்றை மட்டும் படித்துவிட்டு, 'வள்ளுவர் இவ்வாறுதான் கூறுகிறார்' என்று ஒரு மாணவர் எழுதுவாரானால், அவர் வள்ளுவரை எழுதவில்லை, உரையாசிரியரை எழுதுகிறார். இதனை வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்லி வருகின்ற நானே, வேறொரு துறையில் இதே பிழையைப் பல ஆண்டுகள் செய்துவந்தேன். அதை ஒப்புக்கொள்வதும், அதிலிருந்து பெற்ற ஒரு கருத்தை மாணவர் முன் வைப்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிழை நேர்ந்த இடம் மேலை இசை. நூல், பீத்தோவன் 1806ஆம் ஆண்டில் இயற்றிய வயலின் கான்செர்ட்டோ. ஒரு தனிக் கலைஞரும் ஒரு முழு இசைக்குழுவும் எதிரெதிர் நின்று உரையாடுவது போல அமைக்கப்படும் பேரிசை வடிவத்தைக் கான்செர்ட்டோ என்பர். பீத்தோவன் வயலினுக்கென்று முற்றுப்பெற எழுதியது இது ஒன்றே. மூன்று பகுதிகளை உடையது. அவருடைய படைப்பு வரிசையில் 61ஆம் எண்ணைப் பெற்றிருப்பது.

இம்மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர், 'தமிழ்த்துறை மலரில் மேலைநாட்டு வயலினுக்கு என்ன வேலை?' என்று சிரித்தார். வயலினே மேலைநாட்டிலிருந்து வந்து நம் கச்சேரி மேடையில் அமர்ந்துகொண்ட கருவிதான். முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று நம் இசைக்கு ஆக்கிய பிறகு, அது இல்லாமல் நமக்குக் கச்சேரி இல்லை. ஆயினும் என் விடை அதுவன்று. ஒப்பிட்டுக் கற்பது தமிழ்த்துறையின் தொழில். அத்தொழிலை எங்கே பழகினாலும் அது நமக்கு உரியதே என்பதுதான் என் விடை.

நாடா கற்பித்த பாடம்

கல்லூரியில் படித்த காலத்தில் நண்பர் ஒருவர் எனக்கு ஓர் ஒலிநாடாவைத் தந்தார். 90 நிமிட நாடா. பக்கத்துக்கு 45 நிமிடம். அட்டையில் பேனாவால் 'பீத்தோவன், வயலின்' என்று மட்டும் எழுதியிருந்தது. வாசித்தவர் யார், இசைக்குழுவை நடத்தியவர் யார், எந்த ஆண்டில் பதிவானது என்ற குறிப்பு ஒன்றும் இல்லை. அவற்றைக் கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. பீத்தோவன் எழுதினார்; வயலின் ஒலிக்கிறது; இடையில் ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணமே எழவில்லை.

அந்நாடாவை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. மூன்றாம் பகுதியின் இறுதியில் வயலின் மெல்ல மெல்ல அடங்கி, காற்றில் கரைவது போல மறையும். அத்துடன் நாடாவும் நின்றுவிடும். இத்துணைப் பெரிய படைப்பை இத்துணை அடக்கத்தோடு முடித்த பெருந்தகைமையை நான் வியந்தேன். நண்பர்களிடம் அந்த முடிவின் நயத்தை நெடுநேரம் விரித்துரைத்தும் இருக்கிறேன்.

சில ஆண்டுகள் கழித்து, வேறொருவர் வாசித்த குறுந்தகடு ஒன்று கிடைத்தது. அதில் வயலின் அடங்கிய அடுத்த கணமே இசைக்குழு முழுவதும் சேர்ந்தெழுந்து இரண்டு வலிய முழக்கங்களோடு முடித்தது. திடுக்கிட்டுப் போனேன். நாடாவில் பதிவு செய்தவர் தொடக்கத்தில் சில நொடிகளை வெறுமனே ஓடவிட்டிருக்கிறார். அதனால் இறுதி நொடிகளுக்கு இடமில்லாமற் போயிற்று. நான் போற்றிய அடக்கம் பீத்தோவனுடையது அன்று. 45 நிமிட நாடாவினுடையது!

அதே குறுந்தகட்டில் மற்றொன்றும் நேர்ந்தது. முதற்பகுதியின் இறுதியில் இசைக்குழு ஓய்ந்து, வயலின் மட்டும் தனித்து நிற்கும் இடத்தில், நான் மனப்பாடமாக அறிந்திருந்த இசை வரவில்லை. முற்றிலும் வேறான ஒன்று வந்தது. 'இவர் இல்லாததை நுழைக்கிறார்' என்று சினந்தேன். உண்மையில் அவ்விடத்தில் வயலினுக்கென்று பீத்தோவன் எழுதிவைத்தது எதுவுமே இல்லை என்பதை அப்போது நான் அறியேன். முதலில் செவியில் விழுந்ததையே மூலம் என்று கொண்டதன் விளைவு அது.

மூலம் எது?

அப்படியானால் மூலத்தைக் கண்டுகொண்டால் வழக்குத் தீர்ந்துவிடும் அல்லவா என்று கேட்கலாம். ஏட்டுச்சுவடிகளை அறிந்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள்.

இப்படைப்பு வியன்னா நகரில், தியேட்டர் ஆன் டெர் வீன் என்னும் அரங்கில், 1806 டிசம்பர் 23 அன்று முதன்முதலாக ஒலித்தது. வாசித்தவர் அவ்வரங்கின் முதல் வயலினராக இருந்த ஃபிரான்ஸ் கிளெமென்ட். அவருக்காகவே பீத்தோவன் இதை விரைந்து எழுதினார். கையெழுத்துப்படி இன்றும் வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் உள்ளது. அதில் தனி வயலினுக்குரிய வரிகளுக்கு மாற்று வரிகள் பல இடங்களில் எழுதப்பட்டுள்ளன. 1808ஆம் ஆண்டு அச்சில் வந்த வடிவமோ அவற்றுள் எதனோடும் முழுமையாகப் பொருந்தவில்லை. சிலவிடத்து முதல் வரி, சிலவிடத்து மாற்று வரி, சிலவிடத்து இரண்டிலும் இல்லாத புதுவரி. ஏட்டைப் பதிப்பிப்போர் பாடவேறுபாடு என்று எதனைச் சொல்கிறார்களோ, அதுவே இங்கும் இருக்கிறது.

போதாக்குறைக்கு, 1807ஆம் ஆண்டில் முசியோ கிளெமெண்டி என்னும் இசைஞரும் பதிப்பாளருமான ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க, இதே படைப்பைப் பியானோவுக்கும் மாற்றி அமைத்தார் பீத்தோவன். ஆசிரியரே தம் நூலுக்கு மறுவடிவம் தந்துவிட்டார்.

முதல் அரங்கேற்றத்திற்குப் பிறகு இப்படைப்பு நெடுங்காலம் அரிதாகவே வாசிக்கப்பட்டது. 1844 மே 27 அன்று இலண்டனில், மெண்டல்சன் இசைக்குழுவை நடத்த, யோசப் யோவாகிம் என்னும் 12 வயதுச் சிறுவன் வாசித்த பிறகே அது பேர்பெற்றது. ஏறத்தாழ 38 ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்த ஏடு ஒன்றை ஒரு சிறுவன் எடுத்துப் படித்தது போன்ற நிகழ்ச்சி அது. யோவாகிம் முதுமையில், 1903ஆம் ஆண்டில், சில சிறு இசைத்துண்டுகளை ஒலித்தட்டில் பதிந்துவைத்தார். இக்கான்செர்ட்டோ அவற்றுள் இல்லை. ஆகவே கிளெமென்ட் எவ்வாறு வாசித்தார் என்பதும் யோவாகிம் எவ்வாறு வாசித்தார் என்பதும் காற்றோடு போயின. நமக்கு எஞ்சியவை தாளும், பின்வந்தோர் விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகளுமே.

'மிகையின்றி' என்னும் சொல்

முதற்பகுதியின் தலைப்பில், எவ்வளவு விரைவில் வாசிக்கவேண்டும் என்பதற்கு இத்தாலிய மொழியில் ஒரு குறிப்பை எழுதியிருக்கிறார் பீத்தோவன். 'விரைவாக, ஆயினும் மிகையின்றி' என்பது அதன் பொருள். எல்லா வேறுபாடுகளும் இத்தொடரிலிருந்தே பிறக்கின்றன என்று சொல்லலாம். 'விரைவாக' என்பதில் அழுத்தம் கொடுப்பவர் ஒரு வழியில் செல்கிறார்; 'மிகையின்றி' என்பதில் அழுத்தம் கொடுப்பவர் வேறு வழியில் செல்கிறார்.

யாஷா ஹைஃபெட்ஸ் வயலின் வாசிக்க, டோஸ்கனினி நடத்த, 1940ஆம் ஆண்டில் நியூயார்க்கில் பதிவான இசைத்தட்டு முதல் வழிக்குச் சான்று. முழுப் படைப்பும் ஏறத்தாழ 38 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. யெஹுதி மெனுஹின் வாசிக்க, வில்ஹெல்ம் ஃபுர்ட்வாங்லர் நடத்த, பில்ஹார்மோனியா இசைக்குழுவோடு 1953ஆம் ஆண்டில் இலண்டனில் பதிவானது இரண்டாம் வழிக்குச் சான்று. அதற்கு ஏறத்தாழ 45 நிமிடங்கள் ஆகின்றன. தாளில் உள்ள சுரங்கள் ஒன்றே. ஆறேழு நிமிடங்கள் எங்கிருந்து வந்தன?

தொடக்கத்தைக் கேட்டாலே விளங்கிவிடும். இப்படைப்பு வயலினோடு தொடங்குவதில்லை. டிம்பனி என்னும் முரசின் நான்கு மெல்லிய தட்டல்களோடு தொடங்குகிறது. ஐந்தாம் தட்டலின்போது குழல்கள் சேர்ந்துகொள்கின்றன. டோஸ்கனினியிடம் அத்தட்டல்கள் கடிகார முள் நகர்வது போலத் துல்லியமாக விழுகின்றன. எதிரொலியற்ற வறண்ட கூடத்தில் ஒவ்வொன்றும் தனித்து நிற்கிறது. ஃபுர்ட்வாங்லரிடம் அவை தொலைவிலிருந்து நடந்து வரும் ஒருவரின் காலடி போல் கேட்கின்றன. சற்றுப் பின்னே, அதே நான்கு தட்டல்களை வயலின்கள், அந்தப் பண்ணுக்குச் சற்றும் உறவில்லாத ஒரு சுரத்தில் மெல்ல எழுப்புகின்றன. ஹைஃபெட்ஸ் தட்டில் அது ஒரு செய்தி, கேட்டோம், கடந்தோம். மெனுஹின் தட்டில் அது ஒரு கேள்வி. விடை கிடைக்கும்வரை மனம் அங்கேயே நிற்கிறது.

ஹைஃபெட்ஸை உணர்ச்சியற்றவர் என்று பலர் குறை கூறுவதுண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. வேகத்தில் பொருளை இழக்காமல் ஓடுவது எளிய செயலன்று. கட்டுக்கோப்பு என்னும் பண்பை இப்படைப்பில் நான் கண்டது அவரிடந்தான். அவருடைய தட்டு பதவுரை போன்றது: ஒவ்வொரு சொல்லுக்கும் நேர்ப்பொருள். மெனுஹினும் ஃபுர்ட்வாங்லரும் தருவது விளக்கவுரை. பதவுரை இல்லாமல் விளக்கவுரை மட்டும் படிப்பவன் தன் கற்பனையில் மிதப்பான்; விளக்கவுரை இல்லாமல் பதவுரை மட்டும் படிப்பவன் சொற்களை எண்ணிக்கொண்டிருப்பான். 1958ஆம் ஆண்டில் டேவிட் ஓய்ஸ்ட்ராக், ஆந்திரே குளுய்டென்ஸ் நடத்திய பிரெஞ்சு வானொலி இசைக்குழுவோடு பதிவு செய்ததைக் கேட்போர், இவ்விரண்டுக்கும் நடுவே பொழிப்புரை ஒன்று கிடைத்ததாக மகிழ்வர்.

ஆசிரியர் விட்டுச்சென்ற இடம்

என் சினத்துக்கு ஆளான அந்தத் தனி வயலின் பகுதிக்கு வருவோம். இதற்குக் கடென்சா என்று பெயர். இசைக்குழு முழுவதும் வாய்மூடி நிற்க, தனிக்கலைஞர் தம் புலமையைக் காட்டும் இடம் இது. அக்காலக் கலைஞர்கள் இதை மேடையிலேயே கற்பனையாக வாசிப்பது மரபு. ஆதலின் பீத்தோவன் வயலினுக்கு இதை எழுதாமல் இடம்மட்டும் விட்டுச்சென்றார்.

விட்ட இடத்தைப் பின்வந்தோர் நிரப்பினர். யோவாகிம் ஒன்று எழுதினார். ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் ஒன்று எழுதினார். கிரைஸ்லரின் கடென்சாவே என் நாடாவில் இருந்தது; உலகின் பெரும்பாலான வயலினர்கள் வாசிப்பதும் அதுவே. அதன் உச்சத்தில், முதற்பகுதியின் இரண்டு கருப்பொருள்களையும் ஒரே வயலினில் ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்கிறார் அவர். தனித்தனியே நின்ற இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவன என்பதைப் பீத்தோவன் எங்கும் சொல்லவில்லை. கிரைஸ்லர் கண்டு காட்டினார். மூலத்தில் மறைந்திருக்கும் உறவை வெளிக்கொணர்வதே நல்ல உரையின் இலக்கணம் என்றால், இது நல்ல உரை. கிரைஸ்லரே இதை வாசித்து, லியோ பிளெக் நடத்திய பெர்லின் அரசு ஓபரா இசைக்குழுவோடு 1926ஆம் ஆண்டில் பதிந்த தட்டு இன்றும் கிடைக்கிறது.

1962ஆம் ஆண்டில் வொல்ஃப்காங் ஷ்னைடர்ஹான், ஓய்கன் யோகும் நடத்திய பெர்லின் பில்ஹார்மோனிக் குழுவோடு பதிவு செய்தபோது வேறு வழி கண்டார். பியானோ வடிவத்துக்கு மட்டும் பீத்தோவன் தம் கையாலேயே கடென்சா எழுதியிருந்தார் அல்லவா? அதையே வயலினுக்கு மாற்றி வாசித்தார். அதில் ஒரு வியப்பு உண்டு. தனிக்கலைஞர் மட்டுமே ஒலிக்கவேண்டிய இடத்தில் முரசும் கூடவே எழுகிறது. நூலின் முதல் ஒலியாக வந்த அதே முரசு! அதைக் கேட்டபிறகு, தொடக்கத்து நான்கு தட்டல்களை வெறும் முன்னுரை என்று எவரும் கருத இயலாது. பிற்காலத்தில் கிதோன் கிரேமர், பாட்ரிசியா கோபாச்சின்ஸ்கயா முதலானோரும் இவ்வழியில் தத்தம் வடிவங்களைக் கண்டனர்.

அதே கிரேமர் 1980ஆம் ஆண்டில் நெவில் மரினர் நடத்த வாசித்த பதிவு வேறு வகையானது. சோவியத் நாட்டு இசைஞர் ஆல்ஃபிரெட் ஷ்னிட்கே எழுதிய கடென்சாவை அதில் வாசித்தார். பீத்தோவனுக்குப் பின் பிறந்த பிராம்ஸ், பார்டோக், பெர்க், ஷாஸ்டகோவிச் ஆகியோரின் வயலின் படைப்புகளிலிருந்து கீற்றுகள் அதில் வந்து வந்து போகின்றன. பலர் இதைப் பழித்தனர். எனக்கும் அது உவப்பன்று; உரை மூலத்தை விளக்கலாம், மூலத்தின்மேல் ஏறி அமரலாகாது. ஆயினும் அதைக் கேட்டபிறகே ஓர் உண்மை புலப்பட்டது. இப்படைப்பு இல்லையேல் அப்பிற்காலப் படைப்புகள் அவ்வடிவில் பிறந்திரா. ஒரு நூல் தன் வழித்தோன்றல்களோடு பேசுவதைக் கேட்பதும் ஒரு கல்விதான்.

இத்தனை பேர் நிரப்பிய இடத்துக்கு அடுத்து வருவதுதான் இப்படைப்பின் உயிர்நிலை என்பேன். முதற்பகுதியின் இரண்டாம் கருப்பொருள் மிக எளிய, இனிய இசை. பகுதி முழுவதும் குழல்களும் பிற கருவிகளும் அதைப் பாடுகின்றன. தனி வயலின் அதன் மேல் அணிசெய்துகொண்டே போகிறதேயன்றி, தான் அதை முழுமையாகப் பாடுவதேயில்லை. கடென்சா முடிந்து, எல்லா வித்தைகளும் காட்டி ஓய்ந்தபிறகு, மற்ற நரம்புக் கருவிகள் மெல்லச் சுண்டி ஒலிக்க, வயலின் தன் தாழ்ந்த தந்திகளில் அதை முதன்முறையாக முழுதும் பாடுகிறது. புலமை அடங்கியபின் வரும் எளிமை அது. ஒரு வயலினர் யார் என்பதை அறிய நான் கடென்சாவைக் கேட்பதில்லை. அதற்கடுத்த அந்தச் சில அடிகளைக் கேட்கிறேன்.

இரு கலைஞர், ஒரு நடத்துநர்

தட்டுகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் வேகம், நாதம், தெளிவு என்பவற்றோடு நின்றுவிடுகின்றனர். வாசித்தவர் எக்காலத்தில், எந்நிலையில் வாசித்தார் என்பதும் உரையாசிரியர் வரலாற்றைப் போல அறியத்தக்கதே.

புரோனிஸ்லா ஹூபர்மான் போலந்தில் பிறந்த யூதர். 1933ஆம் ஆண்டில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின், பெர்லினில் வந்து வாசிக்குமாறு ஃபுர்ட்வாங்லர் அவரை அழைத்தார். ஹூபர்மான் மறுத்தார். மறுப்புக் கடிதத்தை உலகறிய வெளியிட்டார். அடுத்த ஆண்டு, 1934இல், வியன்னாவில் ஜார்ஜ் செல் நடத்த, வியன்னா பில்ஹார்மோனிக் குழுவோடு இக்கான்செர்ட்டோவைப் பதிவு செய்தார். 1936இல் ஐரோப்பாவில் வேலையும் பாதுகாப்பும் இழந்த யூத இசைஞர்களைத் திரட்டிப் பாலஸ்தீனத்தில் ஓர் இசைக்குழுவை நிறுவினார். 1938இல் ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கியது. வியன்னாக் குழுவின் முதல் வயலினராக 1881 முதல் விளங்கிய அர்னால்டு ரோஸே முதுமையில் இலண்டனுக்கு அகதியாகச் சென்றார். கிரைஸ்லரின் 1926ஆம் ஆண்டுத் தட்டை நடத்திய லியோ பிளெக்கும் யூதரே. 1937இல் பெர்லினை விட்டு வெளியேறினார்.

மெனுஹினும் யூதர். போர் முடிந்த 1945ஆம் ஆண்டிலேயே, பெல்சன் வதைமுகாமில் உயிர்தப்பியிருந்தோர் முன் சென்று வாசித்தவர். அவரே 1947ஆம் ஆண்டில், விசாரணைக்குப் பின் விடுவிக்கப்பட்டிருந்த ஃபுர்ட்வாங்லரோடு சேர்ந்து, முதலில் சுவிட்சர்லாந்தின் லூசெர்னிலும் பின்பு பெர்லினிலும் இக்கான்செர்ட்டோவை வாசித்தார். பகைமையை இசையால் ஆற்றவேண்டும் என்பது அவர் கொள்கை. உறவினரை இழந்த யூதர் பலர் அவரைக் கடுமையாக வெறுத்தனர். லூசெர்னில் அப்பதிவு நிகழ்ந்தது ஆகஸ்டு மாதம். அவ்வாண்டு ஜூன் மாதத்தில்தான், அதே சுவிட்சர்லாந்தில், ஹூபர்மான் காலமாகியிருந்தார்.

ஒருவர் மறுத்தார், ஒருவர் ஏற்றார். ஒரே நடத்துநர், ஒரே இசை. யார் செய்தது சரி? இக்கேள்விக்கு விடை தேடி இரண்டு தட்டுகளையும் மாறிமாறிக் கேட்டிருக்கிறேன். ஹூபர்மானின் நாதத்தில் இனிமை குறைவு, கூர்மை மிகுதி. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு, நம் இசையில் ஜாரு என்போமே, அதுபோல இழைந்து செல்வார். மூன்றாம் பகுதியில் அவர் வில் தந்தியைக் கீறுவது போலவே கேட்கும். மெனுஹினின் இரண்டாம் பகுதியோ நெடிய வேண்டுதல் போன்றது. ஆனால் மறுத்தவரின் நியாயமும் ஏற்றவரின் நியாயமும் எந்தச் சுரத்திலும் கேட்கவில்லை. ஹூபர்மானின் கூர்மை அவர் கடிதம் எழுதுவதற்குப் பல்லாண்டு முன்பே அவருக்கு இருந்தது. வரலாற்றைப் படித்துவிட்டு அதை நாதத்தில் கேட்டதாகச் சொல்வது, கதையை நாமே எழுதிக்கொள்வது ஆகும்.

எனினும் வரலாற்றை அறியாமல் கேட்பதும் எனக்கு இனி இயலாது. என் கல்லூரிக் காலத்து நாடாவில் இருந்தது மெனுஹின், ஃபுர்ட்வாங்லர் இருவரின் 1953ஆம் ஆண்டுப் பதிவே என்று பின்னாளில் கண்டுகொண்டேன். பெயரெழுதாத அந்த அட்டையின் பின்னே இவ்வளவு பெரிய வழக்கு இருந்தது. இசைக்குச் செவியால் மதிப்பெண் இடுக. மனிதருக்கு வரலாற்றால் மதிப்பெண் இடுக. ஒன்றின் மதிப்பெண்ணை மற்றொன்றின் ஏட்டில் எழுதற்க. இதுவே நான் கொண்ட முடிவு.

முதலிடம் யாருக்கு?

மேலைநாட்டு இசை இதழ்களில், 'இப்படைப்புக்கு எந்தத் தட்டு சிறந்தது?' என்ற பட்டியல் ஓயாமல் வருகிறது. பிபிசி வானொலியில் இதற்கெனவே ஒரு நிகழ்ச்சி பல்லாண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. ஒரே இடத்தைப் பலர் வாசிக்கக் கேட்கச்செய்து, வேறுபாடுகளை விளக்கி, இறுதியில் ஒன்றைப் பரிந்துரைப்பர். அந்நிகழ்ச்சியின் வழி எனக்கு உடன்பாடு; முடிவு உடன்பாடன்று. ஒப்பீட்டின் பயன் வேறுபாட்டை அறிவதில் இருக்கிறது. முதலிடத்தை அறிவித்தவுடன் கேட்பவர் அந்த ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றவற்றை மறந்துவிடுகிறார். மீண்டும் ஒரே நாடாவின் கதைதான்.

'எல்லாம் ஒன்றே என்றால் தரம் என்பதே இல்லையா?' என்று கேட்பர். நான் எல்லாம் ஒன்றே என்று சொல்லவில்லை. மூலத்தில் உள்ளதை மறைக்கும் உரை தாழ்ந்தது. முரசின் தட்டல்கள் கேளாதவாறு வயலினை மட்டும் முன்னிறுத்திப் பதிவு செய்த தட்டுகள் உண்டு. மெதுவே ஆழம் என்று மயங்கி, 'விரைவாக' என்ற சொல்லையே மறந்த தட்டுகளும் உண்டு. இவற்றைக் குறை கூறத் தயங்கவேண்டியதில்லை. ஆனால் குறை இது, நிறை இது என்று சொல்லத் தெரிவதற்கே குறைந்தது இரண்டைக் கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். கிரைஸ்லரும் ஹூபர்மானும் வாசித்த காலத்தில் தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிட அளவே கொள்ளும். அந்நான்கு நிமிடத்தில் பிழை நேர்ந்தால் பக்கம் முழுவதையும் மறுபடி வாசிக்கவேண்டும்; இல்லையேல் பிழையோடு விடவேண்டும். காந்த நாடா வந்தபின், நல்ல துண்டுகளை வெட்டி ஒட்டிப் பிழையற்ற முழுமையை ஆக்கிவிட இயன்றது. ஆகவே பழைய தட்டில் கேட்கும் சிறு வழுவைக் கண்டு சிரிப்பவர், ஓர் உண்மையான வாசிப்பை ஓர் ஒட்டுவேலையோடு ஒப்பிடுகிறார் என்பதை உணர்வாராக.

மாணவருக்கு

மாணவச் செல்வங்களே! இன்று கைப்பேசியில் இப்படைப்பின் பதிவுகள் பலவும் சில நொடிகளில் வந்துவிடுகின்றன. ஆயினும் பட்டியலின் முதலில் வருவதையே தொட்டுக் கேட்டுவிட்டு அமைகிறோம். நூலகம் பெரிதாகிவிட்டது, நம் வாசிப்பு ஒரே நாடாவாகத்தான் இருக்கிறது. பாடநூலுக்கும் இதுவே பொருந்தும். ஒரு வழிகாட்டி நூலைப் படித்துவிட்டுச் சிலப்பதிகாரத்தைப் படித்ததாக நம்புகிறோம்.

ஆகவே ஒரு சிறு பயிற்சியைச் சொல்கிறேன். ஏதேனும் இரண்டு பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். வாசித்தவர் பெயரையும் ஆண்டையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். முழுவதையும் கேட்கப் பொழுதில்லை எனில் மூன்று இடங்களை மட்டும் கேளுங்கள்: தொடக்கத்து முரசு, தனி வயலினின் கடென்சா, அதற்கடுத்து வரும் எளிய பாட்டு. எங்கே வேறுபடுகிறார்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள். எது உயர்ந்தது என்று எழுதவேண்டாம். அதன்பின் ஒரு குறளை எடுத்து, இரண்டு உரைகளை வைத்து, இதையே செய்யுங்கள். தமிழ்த்துறையில் இதைவிடப் பெரிய பாடம் எதையும் நான் நடத்தியதில்லை.

அந்த ஒலிநாடாவை இன்றும் வைத்திருக்கிறேன். அதை ஓட்டும் கருவி பழுதாகிப் பல ஆண்டுகள் ஆயின. பின்னாளில் அட்டையில் வாசித்தவர் பெயரையும், நடத்தியவர் பெயரையும், ஆண்டையும் என் கையால் எழுதிச் சேர்த்தேன். அவற்றின் கீழ் 'இறுதி முழக்கங்கள் இரண்டும் இதில் இல்லை' என்றும் எழுதி வைத்திருக்கிறேன்.